அக்கீலா தொழப் போன நேரத்தில்

கண்டக்குழியில் அக்கீலாவுக்கு என்ன வேலை என்று கேட்டால் ஊரில் பாதிப் பேர் சிரிப்பார்கள். கேம் விளையாடச் சம்பளம் வாங்குகிறாள் என்பார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் விளையாட்டு என்று நினைத்து அந்தக் கதிரையில் ஒருநாள் உட்கார்ந்தவர்கள் மறுநாள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்கள். ஒரே சுவரில் திரும்பத் திரும்ப முட்ட வேண்டும். ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கி, எந்தப் படியில் வீரனின் கால் கல்லுக்குள் புதைகிறது என்று பார்க்க வேண்டும். ஒரே பூதத்திடம் காலையிலிருந்து மாலைவரை அடிவாங்கிச் சாக வேண்டும். செத்த விதத்தை எழுதிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும்.

ஒரு காலத்தில் டிவியோடு பெட்டியைப் பொருத்தி விளையாடிய ஜப்பான்காரர்களின் வாள்சண்டைக் கேம்களுக்கு இப்போது மறுபிறப்பு வந்திருக்கிறது. படத்தைத் துடைத்து, ஓட்டை உடைசலை அடைத்து, கம்பியூட்டரில் ஓடும்படி திரும்ப வெளியிடுகிறார்கள். துடைக்கும்போது பழைய ஓட்டை அடைபட்டுப் புது ஓட்டை விழும். அதைப் பார்த்துச் சொல்லும் வேலையைக் கொழும்பில் ஒரு சின்னக் கம்பனி எடுத்துச் செய்தது. அந்தக் கம்பனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்த ஒருத்திதான் அக்கீலா. அவளுக்கு இது புதிதல்ல. புத்தளம் டவுனில் அவளுடைய நானா, அவளுக்கு மூத்த அண்ணன், கேம் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டால் கடையைப் பார்ப்பது அவள்தான். பெரிய பையன்கள் தோற்றுவிட்டுக் கைப்பிடியை மேசையில் எறிந்தால், அதை எடுத்து அதே சண்டையை முடித்துக் காட்டிவிட்டு ஒன்றும் தெரியாதவள்போல் போய் உட்கார்ந்துகொள்வாள்.

இந்த முறை வந்தது ஒரு தீவில் உடைந்த வாளோடு அலையும் வீரனின் கேம். நானாவின் கடையில் அதற்குச் சிலைக் கேம் என்று பெயர். போன தூரத்தைக் காப்பாற்றி வைக்க வேண்டுமென்றால், வீரன் ஒரு கற்சிலைக்கு முன்னால் போய் மண்டியிட வேண்டும். மண்டியிட்டால் அதுவரை பட்ட பாடு கம்பியூட்டரில் பதிவாகும். மறுநாள் அங்கிருந்தே தொடரலாம்.

அந்தப் பதிவுதான் காணாமல் போனது.

முதல் தடவை தன்னுடைய கைப்பிழை என்று நினைத்தாள். இரண்டாம் தடவை ரிப்போர்ட் எழுதினாள். எந்தக் கதவு, எந்தப் பூதம், எத்தனை அடி, எந்தச் சிலை என்று ஒன்று விடாமல் எழுதினாள். கொழும்பில் அப்படியே செய்து பார்த்தார்கள். அவர்களுடைய பதிவு மலைபோல் அப்படியே இருந்தது. மூன்றாம் தடவையும் அவளுக்குத்தான் போனது. அங்கே யாருக்கும் போகவில்லை.

மேற்பார்வை பார்த்த அனுஷ்கா நல்ல பெண்தான். அக்கீலாவை வேலைக்கு எடுத்தவளே அவள்தான். ஆனாலும் கேம் வெளியாகும் நாள் நெருங்க நெருங்க அவளுடைய குரலில் சர்க்கரை குறைந்துகொண்டே வந்தது. பதிவு அழிகிறது என்று சொல்வது சின்னக் குற்றச்சாட்டு இல்லை என்றாள். ஜப்பானிலிருந்து கேட்கிறார்கள், நான் என்ன பதில் சொல்வது என்றாள். கடைசியில் நேரே சொல்லிவிட்டாள்: எப்படி அழிகிறது என்று காட்ட வேண்டும், இல்லையென்றால் ரிப்போர்ட்டை வாபஸ் வாங்க வேண்டும். இல்லாத பிழையை எழுதுகிறவள் என்று பெயர் விழுந்தால் அடுத்த வேலைக்குக் கூப்பிடத் தன்னால் முடியாது.

போனை வைத்த அக்கீலா கணக்குப் போட்டுப் பார்த்தாள். கண்டக்குழியில் இருந்துகொண்டு இன்னொரு வேலை தேடுவது என்றால் லொட்ஜுகளில் படுக்கை விரிக்கத்தான் போக வேண்டும். அது கேவலம் என்று அவள் நினைக்கவில்லை. ஆனால் தனக்குத் தெரிந்த ஒரே வித்தையைப் பொய்க்காரி என்ற பெயரோடு விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை.

கொழும்பில் அழியாதது இங்கே மட்டும் அழிகிறது என்றால் இங்கே யாரோ கை வைக்கிறார்கள். இந்த நினைப்பு ஒரு பகல் முழுக்க அவளைச் சுற்றிச் சுற்றி வந்து, பிறகு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. வீட்டில் இருந்தது மூன்றே பேர். புருஷன் ஃபாஹிம் காலையில் போட் எஞ்சின் திருத்தும் கடைக்குப் போனால் இருட்டித்தான் வருவான். மிச்சம் ஸும்ரா.

ஸும்ரா ஃபாஹிமின் ராத்தா, அவனுக்கு அக்கா. வீடே அவளுடையதுதான். வாப்பா அவளுக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்த வீடு. அவளைக் கட்டியவன் கட்டாருக்குப் போய் அங்கிருந்தபடியே தலாக் சொல்லிவிட்டான். தனியாக இருக்கிறாளே என்று தம்பி ஃபாஹிம் தன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு அங்கே குடிவந்தான். வந்த நாளிலிருந்து அக்கீலாவைக் குசினிப் பக்கம் அண்டவிட்டதில்லை ஸும்ரா, சமையலெல்லாம் அவளேதான். லொட்ஜுகளில் வேலை செய்கிறவர்களுக்குச் சோத்துப் பார்சல் கட்டி அனுப்புவது ஸும்ராவின் தொழில். அந்தச் சட்டியிலிருந்தே அக்கீலாவின் மேசைக்கும் ஒரு பீங்கான் தட்டில் சோறு வரும், பொரித்த மீனின் நடுத்துண்டோடு.

ஆனால் சிலைக் கேம் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் சோற்றை வைக்க வந்தவள் வீரன் மண்டியிடுவதைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டாள். விளையாட்டுதான், தெரியும், ஆனாலும் நம்முடைய கையால் ஒருத்தனைச் சிலைக்கு முன்னால் மண்டியிட வைப்பது மனதுக்கு ஒருமாதிரி இருக்கிறது என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அக்கீலா சிரித்து மழுப்பினாள். ஸும்ராவும் அதற்குப்பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை.

இப்போது அந்தக் கதை அக்கீலாவின் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. பகலில் பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னால் அவள் கம்பியூட்டரை அப்படியே விட்டுவிட்டு கைகால் கழுவி வுழு செய்து, உள்ளறைக்குப் போய்த் தொழுவாள். அந்த நேரம் மேசைக்குப் பக்கத்தில் போகக் கூடியவள் ஒருத்திதான். இன்னொன்றும் இருந்தது. மாதத்தில் பெண்களுக்குத் தொழுகை இல்லாத நாட்கள் உண்டே, அந்த நாட்களில் அக்கீலா கதிரையை விட்டு எழும்புவதில்லை. அந்த நாட்களில் ஒரு பதிவும் அழிந்ததில்லை. தான் எழும்பினால் அழிகிறது, எழும்பாவிட்டால் அழிவதில்லை. இதற்குமேல் என்ன வேண்டும்?

கேட்பதா விடுவதா என்று தடுமாறினாள். கடைசியில் மத்தியானம் பீங்கானோடு வந்தவளிடம் கேட்டேவிட்டாள்.

"மதினி, நான் தொழப் போற நேரம் இதுல ஏதும் தொட்டீங்களா?"

ஸும்ராவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது பீங்கானை மேசையில் வைத்தாள்.

"வல்லாஹி, நான் தொடல்ல. எனக்கு அத எப்படி மூடுறண்டும் தெரியா."

அல்லாஹ்வின் மேல் சத்தியம் என்று ஸும்ரா எளிதில் சொல்கிறவள் அல்ல. சந்தையில் மீன் விலைக்கெல்லாம் சத்தியம் செய்கிறவர்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அது அக்கீலாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், மறுநாள் மத்தியானத் தொழுகையான ளுஹருக்குப் பாங்கு சொன்னதும் அறைக் கதவைப் பூட்டித் திறப்புச் சாவியைக் கையில் கொண்டுபோய்த் தொழுகைப் பாயின் ஓரத்தில் வைத்தாள். பூட்டு விழுந்த சத்தம் குசினிவரை கேட்டது. சோறு பொதிந்துகொண்டிருந்த ஸும்ராவின் கை ஒரு கணம் நின்று, பிறகு வேலையைத் தொடர்ந்தது.

அன்றைக்கும் பதிவு அழிந்தது.

நியாயமாகப் பார்த்தால் அத்தோடு சந்தேகம் தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் சந்தேகம் பிடித்த மனதுக்கு நியாயம் எங்கே தெரிகிறது? அந்த அறைக்கு இன்னொரு திறப்பு ஃபாஹிமின் கொத்தில் இருப்பதும், அந்தக் கொத்து ஹோல் சுவரில் ஆணியில் தொங்குவதும் அவளுக்கு உடனே ஞாபகம் வந்தது. பூட்டைத் திறந்து வந்து அழிக்கிற அளவுக்கு வந்துவிட்டாளே என்று கொதித்தாள். அன்று ஃபாஹிம் வந்து கையில் இருந்த எண்ணெய் கழுவுமுன்பே எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் நம்பவில்லை. பிறகு அவள் அழுததைப் பார்த்து, கேட்டுப் பார்க்கிறேன் என்றான். அந்தக் கேட்டுப் பார்ப்பதை அவன் செய்யாமல் இருந்திருக்கலாம். எஞ்சினைப் பிரிக்கத் தெரிந்த அளவுக்கு அவனுக்கு வார்த்தையைப் பிரிக்கத் தெரியாது. குசினிக் கதவில் நின்றுகொண்டு, ராத்தா, அவளுடைய வேலை போகப் போகுது, தொட்டிருந்தால் சொல்லிவிடுங்கள், ஒன்றும் செய்யமாட்டோம் என்றான்.

ஒன்றும் செய்யமாட்டோம். அவளுடைய வீட்டில், அவளுடைய குசினியில்.

மறுநாள் ஸும்ரா பார்சல்களை அனுப்பிவிட்டு, சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஒரு பையோடு பஸ்ஸேறிக் கனமூலையில் சின்னம்மா முறையான சாச்சி வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்த சில நாட்கள் அக்கீலாவுக்குத் தொழுகை இல்லாத நாட்கள். பாணும் சம்பலும் கடையில் வாங்கித் தின்றுகொண்டு கதிரையே கதி என்று கிடந்தாள். ஒரு பதிவும் அழியவில்லை. பார்த்தீர்களா, என்றாள் ஃபாஹிமிடம். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாணைப் பிய்த்தான். லொட்ஜுப் பையன்கள் வந்து பார்சல் கேட்டு வாசலிலேயே திரும்பிப் போனார்கள். அனுஷ்காவுக்கு என்ன சொல்வது என்பதுதான் அக்கீலாவின் கவலை. வீட்டுக்குள்ளேயே ஒருத்தி அழித்தாள் என்று எந்த வாயால் சொல்வது? பேசாமல் ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தாள். பெயர் போனாலும் போகட்டும் என்று நினைத்தாள். இப்படி நினைத்ததில் தான் ஸும்ராவைக் காப்பாற்றுவதாக ஒரு பெருமைகூட அவளுக்கு இருந்தது, அதுதான் வேடிக்கை.

குளித்துச் சுத்தமான அன்று பகல் ளுஹர் தொழுதாள். வந்து மிச்சச் சண்டையை முடித்தாள். சிலைக்கு முன்னால் மண்டியிட்டாள். கேமை மூடினாள். வாபஸ் கடிதம் எழுதுமுன் ஒருமுறை பார்ப்போம் என்று திறந்தாள்.

பதிவு இல்லை.

அவள் கதிரையிலிருந்து எழும்பிய வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது. வீடு முழுக்க ஓடிப் பார்த்தாள். குசினிக் கதவு உள்ளே தாழ் போட்டபடி இருந்தது. வாசல் கேற்றில் சங்கிலி. ஆணியில் திறப்புக்கொத்து இல்லை, அன்று அதை ஃபாஹிம் காலையில் கொண்டுபோயிருந்தான். கட்டிலுக்குக் கீழேகூடக் குனிந்து பார்த்தாள். ஜின்னாக இருக்குமோ என்று ஒரு நினைப்பு ஓடியது, ஆயத்துல் குர்ஸியை வாய் முணுமுணுத்தது. பிறகு அந்தப் பயமும் போய், அதைவிடப் பெரிய பயம் வந்தது. வீட்டில் யாரும் இல்லை. யாரும் தொடவில்லை. அப்படியென்றால் ஸும்ரா?

அதற்குமேல் யோசிக்கத் துணிவில்லாமல், கேமை முதலிலிருந்து தொடங்கினாள். என்ன செய்தேன், என்ன செய்தேன் என்று வாய்விட்டுச் சொல்லியபடியே விளையாடினாள். கதவு. பாலம். கோடரிப் பூதம். பூதம் கோடரியை ஓங்கியது. அந்த நேரம் பள்ளியில் பின்னேரத் தொழுகையான அஸருக்குப் பாங்கு சொன்னார்கள்.

அவளுடைய விரல் பொத்தானைத் தட்டிவிட்டது. அவள் தட்டவில்லை, விரல் தட்டியது. கோடரி ஓங்கியபடி அந்தரத்தில் நிற்க, சண்டை அப்படியே உறைந்தது. அவள் எழும்புவதற்குப் பாதி எழும்பி, அப்படியே நின்று, தன் விரலைப் பார்த்தாள்.

நானாவின் கடைச் சட்டம் அது. பாங்கு கேட்டால் எல்லாப் பெட்டியும் நிற்க வேண்டும். யார் யாரை வெட்டிக்கொண்டிருந்தாலும், வெட்டு பாதியில் இருந்தாலும், அந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் பள்ளிக்கு. அந்தப் பழக்கம் அவளுடைய கையில் ஏறி அங்கேயே தங்கிவிட்டது. மற்றவர்களும் எழும்பிப் போகிறவர்கள்தான், தேநீருக்கோ சாப்பாட்டுக்கோ. ஆனால் பூதத்தைக் கொன்றுவிட்டுப் போவார்கள், அல்லது செத்துவிட்டுப் போவார்கள். ஓங்கிய கோடரிக்குக் கீழே வீரனை நிறுத்திவிட்டு, வுழு செய்து, தொழுது, துஆக் கேட்டு வருகிறவர்கள் யார்? ரிப்போர்ட்டில் எல்லாவற்றையும் எழுதியவள் இதை மட்டும் எழுதவில்லை. மூச்சு விட்டேன் என்று யாராவது எழுதுவார்களா?

அன்றைக்கு அஸரைப் பிந்தித்தான் தொழுதாள், அல்லாஹ் மன்னிக்கட்டும். கோடரியை அந்தரத்தில் வைத்துக்கொண்டு, ஒரு தொழுகை எடுக்கும் நேரம் கதிரையிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு சண்டையை முடித்து, மண்டியிட்டு, மூடித் திறந்தாள். வெறுமை. பாங்கே இல்லாத நேரத்தில் இன்னொரு தடவை செய்தாள். வெறுமை. நிறுத்தாமல் செய்தாள். பதிவு பத்திரமாக இருந்தது.

அனுஷ்காவுக்குப் போன் எடுத்து, சண்டையை நடுவில் நிறுத்தி அதேபோல் செய்யச் சொன்னாள். போனை வைக்காமலே காத்திருந்தாள். அந்தப் பக்கம் யாரோ சிரிப்பதும், கதிரை இழுபடுவதும் கேட்டது. பிறகு நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அனுஷ்கா வந்தாள்.

"அழிஞ்சிட்டு அக்கீலா. எங்களுக்கும் அழிஞ்சிட்டு."

அக்கீலா சுவரில் சாய்ந்தாள். அனுஷ்கா ரிப்போர்ட்டைத் தானே ஜப்பானுக்கு அனுப்புவதாகச் சொன்னாள். அடுத்த கேமும் உங்களுக்குத்தான் என்றாள். சந்தோஷத்தில் பேசிக்கொண்டே போனவள் நடுவில் ஒன்று கேட்டாள்: நடுவில் எத்தனையோ நாள் உங்களுக்கும் ஒன்றும் அழியவில்லையே, அது ஏன்?

"அந்த நாள்ல எனக்குத் தொழுகை இல்ல மிஸ்," என்றாள் அக்கீலா. "எழும்பத் தேவல்ல. நிப்பாட்டவும் இல்ல."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இதே நாட்களைத்தானே அவள் ஸும்ராவுக்கு எதிராக எடுத்து வைத்தாள். அனுஷ்கா இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கீலாவின் காதில் எதுவும் ஏறவில்லை. வேலை பிழைத்ததற்காக ஒரு சொட்டுச் சந்தோஷமும் அவளுக்கு வரவில்லை.

மறுநாள் காலையிலேயே இருவரும் கனமூலைக்குப் போனார்கள். ஃபாஹிம் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். பாலாவி தாண்டும்போது மட்டும், நான் அந்தக் கதவில நிண்டு கேட்டிருக்கக் கூடாது என்றான். அக்கீலா எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தபடி இருந்தாள். காலைப் பிடிக்கவும் ஆயத்தமாகத்தான் போனாள்.

ஸும்ரா சாச்சியின் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இருவரையும் உட்காரச் சொன்னாள். இஞ்சி போட்டு பிளேன்டீ வைத்துத் தந்தாள். அக்கீலா எல்லாவற்றையும் சொன்னாள். கோடரி, பாங்கு, விரல், கொழும்பில் அழிந்தது, எல்லாம். அழுகையில் பாதி வார்த்தை விழுந்துபோனது. ஸும்ரா வெங்காயத்தை உரித்தபடி முழுவதையும் கேட்டாள்.

"அப்ப வேலை போகல்லயா?"

"இல்ல மதினி."

"அல்ஹம்துலில்லாஹ்." உண்மையாகவே சொன்னாள். பிறகு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். "நான் வல்லாஹிண்டு சென்னன். நீங்க நம்பல்ல. இப்ப கம்பியூட்டர் செல்லிட்டு. நம்பிட்டீங்க."

அக்கீலா மாப்புக் கேட்டாள். மாப்பு எப்போதோ தந்தாயிற்று என்றாள் ஸும்ரா, அதை மனதில் வைத்துக்கொண்டு தொழ முடியாது என்றாள். பார்சலுக்கு ஆட்கள் காத்திருப்பார்கள் என்று அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு அவர்களோடு பஸ்ஸேறினாள். ஃபாஹிம் பையை வாங்கப் போனான். அவள் கொடுக்கவில்லை.

இப்போது கண்டக்குழி வீட்டில் சட்டி அடுப்பில் இருக்கிறது. மேசைக்குப் பீங்கான் வருகிறது, நடுத்துண்டு மீனும் வருகிறது. அக்கீலாவுக்கு அடுத்த கேமும் வந்துவிட்டது. அறைக்கு இப்போது பூட்டு இல்லை. ளுஹருக்குப் பாங்கு சொன்னால் அக்கீலா கம்பியூட்டரை அப்படியே விட்டுவிட்டு உள்ளறைக்குப் போகிறாள். அந்த நேரம் ஸும்ரா அடுப்பைத் தணித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளறை வாசலுக்கு நேரே, பாயில் இருப்பவளின் கண்ணில் படும் இடத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்காருகிறாள். அக்கீலா சலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கும்வரை அங்கேயே இருக்கிறாள். பிறகு எழும்பிப் போய் அவள் தன்னுடைய தொழுகையைத் தொழுகிறாள்.

வேண்டாம் மதினி, என்று அக்கீலா கெஞ்சிப் பார்த்துவிட்டாள்.

"இருக்கட்டும்," என்றாள் ஸும்ரா. "எல்லா நாளும் எனக்குச் சாட்சி செல்ல கம்பியூட்டர் வராது."